குறுந்தொகைப் பாடலிலிருந்து ஒரு பியானோ இசை: முதன்முதலாக இயற்றுவோருக்கு

வேலூரிலும் காட்பாடியிலும் கீபோர்டு பழகும் பிள்ளைகள் பலர், மூன்று நான்கு ஆண்டுகள் கிரேடு தேர்வுப் பாடங்களை வாசித்து முடித்தபின், சொந்தமாக ஏதேனும் இயற்றிப் பார்க்க விரும்புகிறார்கள். பிடித்த கவிதை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அதன் உணர்ச்சியை வாசிக்க முயல்கிறார்கள். சோகம் என்றால் மெதுவாகவும், மகிழ்ச்சி என்றால் வேகமாகவும், மழை என்றால் மேல் ஸ்தாயியில் சிதறலாகவும் வாசித்துப் பார்த்துவிட்டு, பத்து நிமிடத்தில் வழி தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். என் முதல் முயற்சியும் அவ்வாறுதான் முடிந்தது. கார்காலப் பாடல் ஒன்றுக்கு மழை வாசித்தேன். அது எந்த மழைப் பாடலுக்கும் பொருந்தக்கூடிய மழையாகவே இருந்தது. அந்தப் பாடலுக்கு மட்டுமே உரியது எதுவும் அதில் இல்லை.

பாடலின் உணர்ச்சியைத் தேடுவதற்கு முன் அதன் வாக்கியத்தைத் தேட வேண்டும் என்பதை அதன் பிறகே கற்றுக்கொண்டேன். எந்தச் சொல் முதலில் வருகிறது, எது தள்ளிப் போடப்படுகிறது, அடி எங்கே குறுகுகிறது, பொருள் எந்த இடத்தில் அடியைத் தாண்டி ஓடுகிறது ஆகியவற்றை இசையாக மாற்ற முடியும். அந்த வழியை ஒரே ஒரு பாடலை வைத்துத் தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே காட்டுகிறேன்.

தேவையானவை

88 கட்டைகள் கொண்ட பியானோ அல்லது டிஜிட்டல் பியானோ இருந்தால் நல்லது. 61 கட்டைகள் கொண்ட கீபோர்டிலும் செய்யலாம்; ஆனால் காலால் மிதிக்கும் சஸ்டெயின் பெடல் ஒன்றைத் தனியாக வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் இந்த இசை நிற்காது. கோடு போட்ட நோட்டு, பென்சில், கைப்பேசியின் ஒலிப்பதிவு, மெட்ரோனோம் ஆகியவை போதும். ஸ்டாஃப் நோட்டேஷன் எழுதத் தெரியாதவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

முன்னோர் சென்ற வழிகள்

கவிதையிலிருந்து தனிப் பியானோ இசை இயற்றுவது ஐரோப்பாவில் நெடுநாள் வழக்கம். அங்கே மூன்று வழிகளைத் தெளிவாகக் காணலாம்; மூன்றையும் ஒருமுறையேனும் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதல் வழியில், சொற்களே இராகத்தின் அடியில் மறைந்து கிடக்கும். பிராம்ஸ் 1854-இல் எழுதிய ‘பாலேடு’ வரிசையின் முதல் இசை ஒரு ஸ்காட்லாந்துக் கதைப் பாடலைத் தழுவியது. அதன் தொடக்க இராகத்தின்மேல் அந்தப் பாடலின் முதல் அடியை வைத்துப் பாட முடிகிறது. லிஸ்ட், பெத்ரார்க்கின் மூன்று சானெட்டுகளை முதலில் குரலுக்கு மெட்டமைத்து, பின்னர் பியானோவுக்கு மாற்றினார். இரண்டாவது வழியில், கவிதையின் ஒரே ஒரு படிமம் இசை முழுவதையும் தாங்கும். அலாய்சியுஸ் பெர்த்ரான் எழுதிய உரைநடைக் கவிதைகளை வைத்து ராவெல் 1908-இல் மூன்று இசைகளை இயற்றினார். அவற்றில் தூக்குமரத்தைப் பற்றிய நடு இசையில் தொலைவிலுள்ள ஊரின் மணி, ஒரே சுரமாக, முதலிலிருந்து கடைசி வரை நிற்காமல் ஒலிக்கிறது. மூன்றாவது வழியில், கவிதையின் ஒரு வரி மட்டும் சூழலாக நிற்கும். 1910-இல் வெளிவந்த டெபுசியின் முதல் பிரெலூடு தொகுதியில், பொதலேரின் வரி ஒன்றையே தலைப்பாகக் கொண்ட இசை அப்படிப்பட்டது.

புதிதாகத் தொடங்குவோருக்கு முதல் வழியே பாதுகாப்பானது. சொற்கள் கையைப் பிடித்து நடத்தும்.

பாடலைத் தேர்ந்தெடுத்தல்

நான்கைந்து அடிகளுக்கு மேல் போகாத பாடலாக எடுங்கள். நான்கு முதல் எட்டு அடிகள் கொண்ட குறுந்தொகைப் பாடல்கள் இதற்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன. தேவகுலத்தார் பாடிய மூன்றாம் பாடலை எடுத்துக்கொள்வோம். சீர் பிரித்து எழுதினால் அது இப்படி நிற்கும்.

நிலத்தினும் / பெரிதே / வானினும் / உயர்ந்தன்று
நீரினும் / ஆரள / வின்றே / சாரல்
கருங்கோற் / குறிஞ்சிப் / பூக்கொண்டு
பெருந்தேன் / இழைக்கும் / நாடனொடு / நட்பே

நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, நீரைவிட அளத்தற்கு அரியது, எது? மலைச்சாரலில் கரிய காம்புடைய குறிஞ்சிப் பூக்களைக் கொண்டு வண்டுகள் மிகுதியான தேனைச் சேர்க்கும் நாட்டுக்குரியவனோடு நான் கொண்ட நட்பு. தலைவி சொல்வதாக அமைந்த குறிஞ்சித் திணைப் பாடல் இது.

இயற்றத் தொடங்குமுன் ஒரு வாரம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு: வள்ளி தினைப்புனம் காத்த இடமாகச் சொல்லப்படும் வள்ளிமலை காட்பாடி வட்டத்திலேயே இருக்கிறது, ஜவ்வாது மலையில் இன்றும் தேன் எடுக்கிறார்கள். விடுமுறை நாளில் ஒரு மலையில் ஏறி, பாறையில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் இருபது முறை சொல்லிப் பாருங்கள். பத்தாவது முறைக்கு மேல், மூச்சு எங்கே தானாக நிற்கிறது என்பது தெரியவரும். அந்த இடங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் வேலையில் பாதி அந்தக் குறிகளிலேயே இருக்கிறது.

எண்ணிக்கை போடுதல்

பள்ளியில் படித்த அசை பிரிப்பு இங்கே முழுமையாகப் பயன்படும். ஓர் அசைக்கு ஓர் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரசை வந்தால் ஓர் எண்ணிக்கைக்கு ஒரே சுரம். நிரையசை வந்தால் அதே எண்ணிக்கைக்குள் இரண்டு அரைச் சுரங்கள். ‘நிலத்தினும்’ நிரை நிரை. ஆகவே இரண்டு எண்ணிக்கையில் நான்கு சுரங்கள். ‘பெரிதே’ நிரை நேர். இரண்டு விரைவான சுரங்களும் ஒரு நீண்ட சுரமும். ‘வானினும்’ நேர் நிரை என்பதால் அதற்கு நேர்மாறாக, நீண்டு தொடங்கி விரைவாக முடியும்.

உயர்ந்தன்று, பூக்கொண்டு, நாடனொடு ஆகிய மூன்று சீர்களும் மூன்று எண்ணிக்கை பிடிக்கும். இவை மூன்றுமே குற்றியலுகரத்தில் முடிவதைக் கவனியுங்கள். தொல்காப்பிய முறைப்படி இவற்றை நேர்பு, நிரைபு என்று கொண்டு ஈரசைச் சீராகவே கணக்கிடலாம் என்பதை அறிவேன். ஆனால் இசைக்கு மூன்றாகக் கொள்வது பெரிய வசதியைத் தருகிறது. குற்றியலுகரம் அரை மாத்திரையே ஒலிப்பது. அதனால் மூன்றாவது எண்ணிக்கையில் வரும் சுரத்தை விரல் நுனியால் மிக மெல்லத் தொட்டு, பாதியிலேயே விட்டுவிட்டு, மீதிப் பாதியை மௌனமாக விடுங்கள். பாடல் முழுவதிலும் மூன்றே இடங்களில் வரும் இந்த மூச்சுதான் உங்கள் இசையைத் தமிழாக ஒலிக்கச் செய்யும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். முதல் அடி ஒன்பது, இரண்டாம் அடி எட்டு, மூன்றாம் அடி ஏழு, நான்காம் அடி ஒன்பது, ஆக 33 எண்ணிக்கைகள். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி மூன்று சீராகக் குறையும் என்ற விதி, இங்கே ஏழு எண்ணிக்கையாக நம் கையில் வந்து நிற்கிறது. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 66 என்று வைத்தால் பாடல் முழுவதும் சரியாக அரை நிமிடத்தில் முடியும். எல்லா அடிகளையும் எட்டாக்கி ஆதி தாளத்துக்குள் அடக்கிவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் குறையும் மிகையும் பாடலுக்கே உரியவை.

வாக்கியம் எங்கே முடிகிறது

இந்தப் பாடலின் உயிர் இருப்பது இங்கேதான். பெரிது, உயர்ந்தது, அளவற்றது என்று மூன்று பயனிலைகளை முதலிலேயே சொல்லிவிட்டு, எழுவாயான ‘நட்பு’ என்ற சொல்லைக் கடைசிச் சீரில்தான் தருகிறாள் தலைவி. பதினான்கு சீர்கள் வரை எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று நமக்குத் தெரியாது. எனவே இசையிலும் ஆதார சட்ஜம், அதாவது இராகம் வந்து நிலைகொள்ளும் அடிப்படைச் சுரம், கடைசிச் சீரில்தான் வர வேண்டும். அதற்கு முன் இடது கை அதன்மேல் ஒருமுறைகூட நிற்கக் கூடாது.

இன்னொன்றையும் பாருங்கள். இரண்டாம் அடியின் கடைசிச் சீரான ‘சாரல்’, பொருளால் அந்த அடிக்கு உரியதன்று. அடுத்த அடியின் குறிஞ்சிப் பூவோடு சேர வேண்டியது. ‘இன்றே’ என்பதில் வாக்கியம் நின்று, ‘சாரல்’ என்பதில் புதிய காட்சி தொடங்குகிறது. ஆகவே இசையும் அடியின் நடுவிலேயே நின்று, அடி முடிவதற்கு இரண்டு எண்ணிக்கை இருக்கும்போதே வேறு குரலில் தொடங்க வேண்டும்.

கருப்புக் கட்டைகள்

கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், பற்றிய அறிவு இல்லாதவர்களும் அச்சமின்றி இயற்றுவதற்கு ஒரு வழி இருக்கிறது. கருப்புக் கட்டைகளை மட்டும் பயன்படுத்துங்கள். ஆர்மோனியக்காரர்கள் சொல்லும் கணக்கில் அவை ஒன்றரை (C#), இரண்டரை (D#), நாலரை (F#), ஐந்தரை (G#), ஆறரை (A#) கட்டைகள். இந்த ஐந்தில் எதைச் சட்ஜமாகக் கொள்கிறோமோ அதற்கேற்ப இராகம் மாறும். நாலரையைச் சட்ஜமாகக் கொண்டால் மோகனம். ஐந்தரையை வைத்தால் மத்தியமாவதி. ஆறரையை வைத்தால் இந்தோளம். ஒன்றரையை வைத்தால் சுத்த சாவேரி. இரண்டரையை வைத்தால் சுத்த தன்யாசி. கிரக பேதம் என்று கர்நாடக இசையில் சொல்லப்படுவது இதுவே. பியானோவில் கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வளைத்தும் ஒலிப்பது, வராது என்பதால் இவற்றை முழு இராகங்களாகக் கருத வேண்டாம், சாயல்களாகக் கொள்ளுங்கள். தோடி போலக் கமகத்திலேயே வாழும் இராகங்களை இந்தக் கருவியில் முதல் முயற்சிக்கு எடுக்காதிருப்பது நல்லது.

நட்பு என்ற சொல்லுக்கு மோகனத்தை, அதாவது நாலரைக் கட்டையை, ஒதுக்கி வையுங்கள். அதற்கு முன்னுள்ள வரிகள் ஆறரை, இரண்டரை, ஒன்றரை என்ற வரிசையில் நகரட்டும். விரல்கள் தொடுவது முழுவதும் அதே ஐந்து கட்டைகள்தான். மாறுவது நிற்கும் இடம் மட்டுமே. மத்தியமாவதியை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கச்சேரிகளை அதில் நிறைவு செய்யும் வழக்கத்தால், நம் காதுகள் அதைக் கேட்டதும் முடிவு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும்.

அடி அடியாக எழுதுதல்

முதல் அடியில் நிலமும் வானும் வருகின்றன. 88 கட்டைப் பியானோவின் மிகத் தாழ்ந்த கருப்புக் கட்டையும் மிக உயர்ந்த கருப்புக் கட்டையும் இரண்டுமே ஆறரைக் கட்டையாக அமைந்திருக்கின்றன. ‘நிலத்தினும் பெரிதே’ என்பதை இடது கையால் கீழ்க்கோடியில், ஆறரையில் தொடங்கி ஆறரையில் முடியுமாறு வாசியுங்கள். சத்தம் பெரிதாக வேண்டாம்; கீழ்க் கம்பிகள் தாமாகவே அகலமானவை. ‘வானினும் உயர்ந்தன்று’ என்பதை வலது கை மேல்கோடிக்குத் தாவி வாசிக்கட்டும். அங்குள்ள கம்பிகளுக்கு ஒலியை அடக்கும் டேம்பர் கிடையாது. ஆகவே கையை எடுத்தாலும் ஒலி சற்று மிதக்கும். இரண்டுக்கும் நடுவே பெரும் வெற்றிடம் இருக்கும். அதை நிரப்ப ஆசை வரும். நிரப்பாதீர்கள், நிலத்துக்கும் வானுக்கும் இடையிலுள்ள தொலைவு அந்த வெற்றிடத்தில்தான் கேட்கிறது.

‘நீரினும் ஆரளவின்றே’ என்பதற்கு, மர உடலும் கம்பியும் கொண்ட பியானோ இருந்தால், இதைச் செய்து பாருங்கள். கீழ் ஸ்தாயி இரண்டரைக் கட்டையை ஒலி எழாதபடி மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள இரண்டரையையும், அதற்கும் மேலே வரும் ஆறரையையும் சுருக்கென்று தட்டி விடுங்கள். தட்டிய கட்டைகள் அடங்கியபின், தட்டாத கீழ்க் கம்பியிலிருந்து அவற்றின் ஒலி எழும்பி வரும். ஆழத்திலிருந்து வரும் அந்த ஒலியைவிடப் பொருத்தமான நீரை நான் கண்டதில்லை. பெரும்பாலான கீபோர்டுகளில் இது வராது. அவற்றில் இரண்டரையை மையமாகக் கொண்ட சுரங்களைப் பெடலை மிதித்தபடியே வாசித்து, ஒன்றோடொன்று கலக்க விடுங்கள்.

‘இன்றே’ முடிந்ததும் பெடலை முழுவதும் எடுத்துவிடுங்கள். ஒரு கணம் எதுவும் ஒலிக்கக் கூடாது. அதன்பின் ‘சாரல்’ நடு ஸ்தாயியில், வலது கையில், பேச்சுக்குரல் போல் தொடங்கட்டும்.

மூன்றாம் அடியும் நான்காம் அடியின் முதல் இரு சீர்களும் தேனைப் பற்றியவை. வண்டின் ரீங்காரத்தை வாசிக்க வேண்டும் என்று பலருக்கும் தோன்றும். பாடலில் ரீங்காரம் இல்லை. ‘இழைக்கும்’ என்ற வினைதான் இருக்கிறது. இழைத்தல் என்பது சிறிது சிறிதாகச் சேர்த்து அமைப்பது. ஆகவே இங்கே ஒவ்வொரு கட்டையையும் அழுத்தியபின் விரலை எடுக்காதீர்கள். ஒன்றரை, பிறகு ஐந்தரை, பிறகு இரண்டரை, பிறகு ஆறரை என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, ‘இழைக்கும்’ என்பதில் கை நிறைய ஒலி இருக்கட்டும். நாலரை மட்டும் இன்னும் வரவில்லை. அந்த இடத்தை விரல் உணரும்.

‘நாடனொடு’ என்பதில் அந்தத் தொகுப்பைக் கைவிட்டு மூன்று எண்ணிக்கையில் இறங்கி, கடைசி உகரத்தில் மூச்சு விடுங்கள். பிறகு ‘நட்பே’ என்ற இரண்டு நேரசைகள்: ‘நட்’ ஒன்றரையில், அதாவது மோகனத்தின் பஞ்சமத்தில், ‘பே’ நாலரையில், சட்ஜத்தில். இடது கையும் இப்போதுதான் முதன்முறையாகக் கீழ் நாலரையைத் தொடும். உரக்க வாசிக்க வேண்டியதில்லை. இதுவரை காத்திருந்ததே போதுமான அழுத்தத்தைக் கொடுத்துவிடும்.

அரை நிமிடத்தை வளர்த்தல்

கையில் இருப்பது அரை நிமிட இசை. அதை மும்முறை சொல்வதால் இரண்டு நிமிட அளவுக்குக் கொண்டு வரலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒன்று மாற வேண்டும். முதல் முறை மேலே சொன்னபடி வெறுமையாக இருக்கட்டும். இரண்டாம் முறை மூன்றாம் அடியில் தங்கி, தேன் சேரும் பகுதியை ஏழு எண்ணிக்கைக்குப் பதில் நான்கைந்து முறை ஏழாக விரித்து வாசியுங்கள். அங்கே இடது கைக்கு ஒன்றரை, ஐந்தரை என்ற இரண்டு சுரங்கள் ஊஞ்சல்போல் மாறி மாறி வந்தால் போதும். இந்த முறை ‘நட்பே’ என்பதை வாசிக்காமல் ‘நாடனொடு’வில் நிறுத்திவிட்டு மூன்றாம் முறைக்குத் திரும்புங்கள். மூன்றாம் முறையில் நிலமும் வானும் ஒரே நேரத்தில் ஒலிக்கலாம். கடைசி நாலரையைப் பெடலில் பிடித்து, ஒலி முற்றிலும் மறையும் வரை காத்திருங்கள்.

சரிபார்த்தல்

ஒலிப்பதிவு செய்து, ஒரு நாள் கழித்துப் பாடலை வாயால் சொல்லிக்கொண்டே கேளுங்கள். சொல்லும் சுரமும் விலகும் இடங்கள் உடனே தெரியும். அங்கே பெரும்பாலும் சுரத்தைத்தான் திருத்த வேண்டியிருக்கும். பிறகு வீட்டில் பெரியவர் ஒருவரிடம் பாடலைச் சொல்லாமல் வாசித்துக் காட்டி, “எந்த இடத்தில் ஊருக்கு வந்து சேர்ந்தாற்போல் இருந்தது?” என்று மட்டும் கேளுங்கள். கடைசிச் சுரம் என்று அவர் சொன்னால் வாக்கியம் இசைக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்னதாக ஓர் இடத்தைச் சொன்னால், அங்கே எங்கோ நாலரை நழுவி விழுந்திருக்கும், தேடி எடுத்துவிடுங்கள்.

மரப் பியானோ வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. காற்றின் ஈரம் கூடினால் பியானோவின் ஒலிப்பலகை உப்பிச் சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும். நம் ஊரின் அக்கினி நட்சத்திர வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் இடையே இந்த வேறுபாடு காதுக்கே தெரியும் அளவுக்கு வரும். இந்த இசையில் கீழ்க்கோடியும் மேல்கோடியும் ஒரே கட்டையில் பேசிக்கொள்வதால், சுருதி பிசகினால் முதல் அடியிலேயே வெளிப்பட்டுவிடும்.

அடுத்து எடுக்கத்தக்கவை

இதை முடித்தபின் குறள் வெண்பா ஒன்றை எடுக்கலாம். நான்கும் மூன்றுமாக ஏழே சீர்கள் என்பதால், சுருங்கச் சொல்லிப் பழக அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அதற்கும் அடுத்ததாக, பழைய வடாற்காட்டின் திருவண்ணாமலையிலும் வள்ளிமலையிலும் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ் இருக்கிறது. அங்கே சந்தமே முதலில் வரும். ‘தத்தத்தன தத்தத் தனதன’ என்பதை இடது கைக்குக் கொடுத்துவிட்டு, ஒற்று வரும் இடங்களில் கட்டையைச் சட்டென்று விட்டு வாசித்தால், வலது கை சேர்வதற்கு முன்பே தாளம் நடக்கத் தொடங்கிவிடும். இக்காலக் கவிஞரின் கவிதையை எடுத்து, அதை இசைத்தாளில் அச்சிடவும் விரும்பினால், அவரிடமோ உரிமை உடையவரிடமோ அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டில் எழுதும்போது பாடலை எங்கே வைப்பது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். ராவெல் கவிதைகளை இசையோடு சேர்த்தே அச்சிடச் செய்தார். டெபுசி தம் பிரெலூடுகளின் தலைப்பை ஒவ்வொரு இசையின் கடைசியிலும் சிறிதாக வைத்தார். எழுவாயைக் கடைசிவரை மறைத்து வைத்த இந்தப் பாடலுக்கு டெபுசியின் முறையே பொருந்தும் என்பது என் எண்ணம். முதல் பக்கத்தின் மேல் 66 என்ற வேகக் குறியை மட்டும் எழுதுங்கள். கடைசிக் கோட்டுக்குக் கீழே, வலது ஓரத்தில், பாடலின் நான்கு அடிகளையும் தேவகுலத்தார் பெயரையும் எழுதுங்கள்.